இன்று திரும்பியவர்கள்

ஸ்ரீபவனம் கார்டன்ஸுக்கு மதில் கிடையாது, கேட் கிடையாது, காவலாளி கிடையாது. குறுக்கே ஒரு கயிறுகூடக் கிடையாது. சூலூர் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே அறுபத்து நான்கு வீடுகளும் ஐந்து வீதிகளும் அப்பட்டமாகத் திறந்து கிடந்தன. அப்படியிருந்தும் இரண்டு வருஷமாகச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஈ காக்காய் உள்ளே நுழைந்ததில்லை. இதில் செக்ரட்டரி சென்னியப்பனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மதில் கட்டி, கேட் போட்டு வாழும் குடியிருப்புகளை அனுமதிக்கலாமா கூடாதா என்று ஊர் உலகமெல்லாம் இரண்டுபட்டுச் சண்டை போட்டு, கடைசியில் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. பொதுத்தடத்தை மறிக்கக் கூடாது. வருகிறவரைத் தடுக்கக் கூடாது. 'யாரைப் பார்க்கணும்?' என்று கேட்கவும் கூடாது. ஊரெங்கும் மதில்கள் இடிபட்டன. மற்ற காலனிக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது சென்னியப்பன் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டத்தை வரி வரியாகப் படித்தார். முப்பது வருஷம் பம்புசெட் மோட்டார் செய்து விற்ற மனுஷர். ஒரு இயந்திரத்தில் எங்கே ஒழுகும் என்று அவருக்குத் தெரியும். வருகிறவனைத் தடுக்கக் கூடாது என்றுதான் எழுதியிருந்தது. வருகிறவன் தானாகத் திரும்பிப் போகக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அப்படி வந்து சேர்ந்ததுதான் மறதி வேலி. நுழைவாயிலின் இரண்டு பக்கமும் விளக்குக் கம்பம் மாதிரி இரண்டு கம்பங்கள், அவ்வளவுதான். அவற்றை நெருங்குகிற வெளியாளுக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் மறந்துபோகும்: எதற்காக வந்தோம் என்பது. பெயர், ஊர், பெற்ற பிள்ளைகள் எதுவும் மறக்காது. வந்த காரியம் மட்டும் கழன்று விழுந்துவிடும். காலனிக்காரர்களும் வீட்டுவேலைக்கு வருகிறவர்களும் மணிக்கட்டில் ஒரு வளையம் கட்டியிருப்பார்கள். அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. எல்லோரும் தாயத்து என்பார்கள். தாயத்து இருந்தால் எதுவும் மறக்காது.

தாயத்து இல்லாதவர்கள் கம்பத்தருகே வந்து நிற்பார்கள். மேலே பார்ப்பார்கள், கீழே பார்ப்பார்கள். சட்டைப்பையைத் தடவுவார்கள். அப்புறம் எதிரே ஆறுச்சாமியின் கரும்பு ஜூஸ் வண்டி கண்ணில் படும். "ஓ, இதுக்குத்தான் வந்தமா!" என்று முகம் மலர்ந்து, ஒரு டம்ளர் குடித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். வேலி சட்டப்படி சரியா என்று விசாரிக்க வந்த வருவாய்த்துறை அதிகாரி இதுவரை ஐந்து தடவை கரும்பு ஜூஸ் குடித்திருக்கிறார்.

கம்பெனிக்காரர்கள் முதலில் சிறிய சைஸ் போதும் என்றுதான் சொன்னார்கள். சென்னியப்பன் கேட்கவில்லை. மூன்று எச்.பி. போதும் என்கிற கிணற்றுக்கு ஐந்து எச்.பி. போடுவதுதான் கோயமுத்தூர்க்காரன் கைப்பழக்கம். "ஒரு சைஸ் கூடவே போடுங்க. சூடாகாம ஓடும்" என்று சொல்லிவிட்டார். வேலியின் வீச்சு நுழைவாயிலோடு நிற்காமல் ஐந்தாம் வீதிக் கோடிவரை பாய்ந்தது. நுழைவாயிலில் ஒரு மின்பலகையும் வைத்தார். 'இன்று திரும்பியவர்கள்: 41' என்று அதில் எண் ஓடும். காலையில் நடைபயிற்சி போகும்போது அதைப் பார்த்தால்தான் அவருக்குக் காபி இறங்கும்.

இப்படிப்பட்டவருக்கு அந்த வாரம் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

காங்கயத்தில் இருக்கும் அவருடைய ஒரே தங்கை வளர்மதியின் மகள் மிருதுளாவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் அந்தக் கல்யாணத்தில் எந்தச் சீரும் நடக்காது. அந்தத் தாய்மாமனுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. அழைப்பு என்றால் போனில் சொல்வதல்ல. அழைக்கிறவர்கள் வீடு தேடி வர வேண்டும். விளக்கேற்றி, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் சேர்த்து நிற்கவைத்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையைக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு படி குறைந்தாலும் அது அழைப்பில்லை.

"ஊரு பூராப் பத்திரிகை போயிருச்சாமா. எனக்கு வரல பாரு" என்று மனைவி பொன்மணியிடம் பொருமினார்.

"ஒரு போனப் போட்டு என்ன ஏதுன்னு கேளுங்க மாமா."

"நானா? என்னயக் கூப்புடுன்னு நானே கேக்கறதா? கேட்டு வாங்குன அழைப்புக்குப் போயி நின்னா நாளைக்கு எவன் மதிப்பான்? அவ புது வீட்டுக்குக் கூப்புட்ட லட்சணமும் இதேதான். மனசில்லாமத்தான கூப்புட்டா? அதனாலதான நான் போகல."

"ஏனுங்க, விளக்கேத்தி வெச்சு, பட்டுச்சீலை கட்டிட்டு வந்து கூப்புட்டாங்களே! நான் பக்கத்துலதான நின்னேன்."

"மூஞ்சி சரியில்ல. நான் பாத்தேன்."

இரண்டு வருஷமாக இதே பேச்சுத்தான். புதுமனை புகுவிழாவுக்கு அண்ணன் வராததில் வளர்மதிக்கு வருத்தம். அவள் மனதோடு அழைக்கவில்லை என்று இவருக்கு வருத்தம். இருவரும் அன்றிலிருந்து பேசிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை, வேலியை வருஷாந்திர சர்வீஸ் செய்ய கம்பெனியிலிருந்து ரெஜினா என்ற எஞ்சினியர் பெண் வந்தாள். கிளப்ஹவுஸில் உட்கார்ந்து, கம்பத்துக் கேமராவின் பதிவுகளை ஓடவிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற சென்னியப்பன் திடீரென்று திரையில் விரலை வைத்தார்.

"நிறுத்து கண்ணு. நிறுத்து!"

பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. கையில் துணி போட்டு மூடிய தட்டு. வளர்மதி கம்பத்தருகே நின்று முழித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் கடுகடுவென்று ஆனது. விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டாள்.

"இந்தம்மா நாலு தடவை வந்திருக்காங்க சார்" என்றாள் ரெஜினா. "எல்லாம் புதன்கிழமை. ஜூஸ்கூடக் குடிக்கல."

சென்னியப்பனுக்குச் சந்தோஷம் குபீரென்று கிளம்பியது. தங்கை வந்திருக்கிறாள்! நாலு தடவை! "ஏம்மா, போறப்ப மூஞ்சி ஏன் அப்படி ஆகுது?"

"மூளையால சும்மா இருக்க முடியாது சார். காரணமில்லாமத் திரும்புறோம்னா அதால தாங்க முடியாது. கையில கிடைச்சத வச்சு ஒரு காரணத்தத் தானே செஞ்சுக்கும். ஜூஸ் குடிக்க வந்தோம்னு சிலருக்கு. அந்த ஆளுக்கு நம்மளப் பிடிக்காது, அதான் திரும்பிட்டோம்னு சிலருக்கு. சொந்தக்காரங்கன்னா பெரும்பாலும் ரெண்டாவதுதான். வீட்டுக்குப் போனப்புறம் வந்த காரியம் ஞாபகம் வரும். இந்தக் காரணமும் கூடவே ஒட்டிக்கும்."

"ஒரு சீட்டுல எழுதிக் கையில குடுத்துட்டா?"

"படிச்சாலும் ஒட்டாது. யாராவது கூடவே வந்து வாயால சொன்னா ஒரு பத்தடி தாங்கும். அப்புறம் வழுக்கிடும்."

"அவளுக்கு ஒரு தாயத்துப் போட்டுரு."

"அதுக்கு அவங்க நேர்ல ஆபீசுக்கு வந்து ரேகை வைக்கணும் சார்."

"ஆபீசு எங்க?"

"உள்ளதான் சார். நீங்கதான் அங்க வைக்கச் சொன்னீங்க."

பேசிக்கொண்டே அவள் பதிவைப் பின்னால் தள்ளித் தள்ளி, வேலி போட்ட முதல் நாளுக்கே போய்விட்டாள். வெள்ளோட்டம் விட்ட நாள்; வீச்சை வாசலோடு நிறுத்தியிருந்தார்கள். அன்று யாருக்கும் இன்னும் தாயத்துக் கொடுத்திருக்கவில்லை. திரையில் வெள்ளை வேட்டி சட்டையோடு ஒருவர் உள்ளேயிருந்து காரில் வந்தார். பின்சீட்டில் சீர்த்தட்டு. கம்பத்தருகே கார் நின்றது. ஆள் இறங்கினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ஒரு டம்ளர் கரும்பு ஜூஸ் குடித்தார். பிறகு முகம் கடுகடுவென்று ஆக, காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்.

அது வளர்மதியின் புதுமனை புகுவிழா நாள். ஆள் சென்னியப்பன்.

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக ஊட்டி வளர்த்த கோபம் அவருடையதே இல்லை, இந்தக் கம்பம் செய்து கொடுத்தது. அதுவும் ஒரு சைஸ் கூட. தன்மேலேயே அவருக்கு ஆத்திரமும் வெட்கமும் வந்தன.

மறுநாளே அவசரக் கூட்டம் கூட்டி, வேலியை நிறுத்த வேண்டும் என்றார். காலனியே சிரித்தது. பிரசிடெண்ட் சகுந்தலா சிரிக்கவில்லை. தனியாக வாழும் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர்.

"பழைய வீட்டுல பீரோவ உடைச்சாங்க சார். நான் பக்கத்து ரூம்ல வாயப் பொத்திட்டு உக்காந்திருந்தேன். இங்க வந்த பொறவுதான் தூங்கறேன். மதில் வேண்டாம்னு சொல்றவங்க ஒருத்தராச்சும் அன்னிக்கு என் பக்கத்துல வந்து உக்காந்தாங்களா?"

சென்னியப்பன் எழுந்து கைகூப்பினார்.

"எனக்குப் புரியுதுங்க மேடம். ஆனா என்ற தங்கச்சி திருடி இல்லீங்களே!"

"வேலிக்கு அது தெரியாதுங்களே. தவிர, நிறுத்தறதுன்னா இருபத்தோரு நாள் முன்கூட்டி நோட்டீஸ் குடுக்கோணும். நம்ம சங்கத்து பைலாவுல இருக்குது."

"எந்த மடையன் அத எழுதுனான்?"

"நீங்கதான் சார்."

கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு சென்னியப்பன் கம்பத்தடியில் போய் நின்றார். வீட்டில் விளக்கேற்றித் தயாராக இருக்கச் சொல்லிப் பொன்மணியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். அவர் எதிர்பார்த்தபடியே டிரைவர் இல்லாமல் தானே ஓடும் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. வளர்மதி தட்டோடு இறங்கினாள். கம்பத்தை நெருங்கியதும் அவள் கண்ணில் ஏதோ அணைந்தது.

"வா அம்மிணி" என்றார். இரண்டு வருஷத்தில் பேசிய முதல் வார்த்தை.

"அண்ணா! நல்லாருக்கீங்களா? நான்... இங்க எதுக்கோசரம் வந்தேன்?"

எதற்காக வந்தாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பத்திரிகையின் மஞ்சள் முனை துணிக்கடியில் எட்டிப்பார்க்கிறது. ஆனால் அதை அவர் வாயால் எப்படிச் சொல்வது? என்னைக் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருக்கிறாய் என்று தாய்மாமனே சொன்னால் அது கேட்டு வாங்கின அழைப்பு ஆகிவிடாதா?

"கையில என்ன கண்ணு?"

"தட்டு."

"தட்டுல?"

"வெத்தலை பாக்கு. அட, பத்திரிகையெல்லாம் இருக்குதுங்கண்ணா! ஆருக்கோ குடுக்கப் போயிட்டிருக்கேன்போல."

"ஆருக்கா இருக்கும்? யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். ஆறுச்சாமியைப் பார்த்தாள். "அந்த ஜூஸ் கடைக்காரருக்கா?"

"ஐயையோ!" என்று சென்னியப்பன் அவள் கையைப் பிடித்து, வந்த வழியே நூறடி கூட்டிக்கொண்டு போனார். வீச்சைத் தாண்டியதும் அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மறந்தே போயிட்டேன் பாருங்க! மிருதுளா கல்யாணத்துக்கு உங்களக் கூப்புடத்தான் வந்தனுங்க!"

"அப்ப இங்கயே குடுத்துரு!"

"ரோட்டுல வெச்சா? நங்கையா இல்லாமயா? விளக்கில்லாமயா? என்ன பேச்சுங்கண்ணா இது!" நங்கையா என்றது பொன்மணியை. சொல்லிவிட்டு விடுவிடுவென்று நுழைவாயிலை நோக்கி நடந்தாள். கம்பத்தருகே போய் நின்றாள். திரும்பினாள். "அண்ணா, நான் எதுக்கோசரம் வந்தேன்?"

மறுபடி நூறடி, மறுபடி நெற்றியில் அடி, மறுபடி கம்பம். மூன்றாம் தடவை போய்வந்தபோது ஆறுச்சாமி சிரித்துச் சிரித்துக் கரும்புக்குப் பதில் கரண்டியை மெஷினில் விடப் பார்த்தான். வளர்மதிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கம்பத்தடியில் உட்கார்ந்தவள் பொலபொலவென்று அழுதாள்.

"இங்க வந்தா எனக்கு உங்க மேல கோவங்கோவமா வருதுண்ணா. ஏன்னே தெரியல. உங்களுக்கு என்னயப் புடிக்காதுன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லுது. நான் போறனுங்க."

அவள் எழுந்தாள். இப்போது போனால் இனி வரமாட்டாள் என்று சென்னியப்பனுக்குத் தெரிந்துபோயிற்று. அவருடைய கவுரவம், தாய்மாமன் முறுக்கு, அறுபது வருஷ மீசை எல்லாம் ஒரு நொடி அவர் தொண்டையில் வந்து நின்றன. விழுங்கினார்.

"அம்மிணி, நீ என்னயக் கூப்புட வந்துருக்கறே" என்றார் மெல்ல.

"எதுக்கு?"

"என்ற மருமவ கல்யாணத்துக்கு."

அவள் முகம் தெளிந்தது. சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று... பத்தடி ஆனதும் அவள் கால் தயங்கியது. "அண்ணா, எதுக்கோசரம்..."

"என்ற மருமவ கல்யாணத்துக்கு என்னயக் கூப்புட வந்துருக்கறே!"

முதல் வீதியில் இதைக் கிசுகிசுப்பாகச் சொன்னார். ஜன்னல் திரைகள் விலகுவதைப் பார்த்துக் காது சிவந்தது. செக்ரட்டரி பத்தடிக்கு ஒரு தடவை தன்னை அழைக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு போகிறார்! இரண்டாம் வீதியில் யாரோ புல்வெட்டும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்ததால் கத்த வேண்டியதாயிற்று. கத்திய பிறகு ஒரு விஷயம் தெரிந்தது. கத்துவது சுகமாக இருந்தது. அந்த வீதியில்தான் பிரசிடெண்ட் வீடு. அவர் வாசலில் நின்று முறைத்தார். சென்னியப்பன் கவலைப்படவில்லை.

"என்ற மருமவ கல்யாணத்துக்கு என்னயக் கூப்புட வந்துருக்கறே! நான்தான் தாய்மாமன்!"

மூன்றாம் வீதியில் நடை ஓட்டமாயிற்று. நடுவே மூச்சிரைக்க இன்னொன்றையும் சொல்லிவிட்டார். "உன்ற புது வீட்டுக்கு நான் சீர்த்தட்டோட கெளம்பி வந்தேன் கண்ணு. இந்தக் கம்பத்துகிட்டயேதான் எனக்கும் மறந்துபோச்சு. ஜூஸ் குடிச்சுட்டுத் திரும்பிட்டேன். நீ கூப்புட்டது சரியில்லைன்னு ரெண்டு வருஷமா நெனச்சுட்டிருந்தேன்."

வளர்மதி நின்றாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வாய் கோணியது. அழப் போகிறாளோ என்று அவர் பயந்தபோது, "அண்ணா, நான் எதுக்கோசரம் வந்தேன்?" என்றாள்.

சொன்னார். நான்காம் வீதியில் சரியாகப் பத்தடிக்கு ஒரு தடவை அவள் கேட்டாள், பத்தடிக்கு ஒரு தடவை அவர் சொன்னார். ராகம் போட்டுச் சொன்னார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சொன்னார். வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து கூடவே நடக்கத் தொடங்கினார்கள். ஐந்தாம் வீதிக் கோடியில் அவர் வீட்டை அடைந்தபோது பின்னால் ஒரு கல்யாண ஊர்வலமே இருந்தது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொன்மணி வாசலில் நின்று வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சகுந்தலா முன்னால் வந்தார்.

"போதும் சார், தொண்டை கட்டிரும். நீங்க என் வாசலத் தாண்டுனவுடனே போயி வேலியோட மெயினை ஆஃப் பண்ணிட்டேன். ரெண்டு வருஷமா என்ற தம்பியும் வர்றதில்ல. அவனுக்கு என்னயப் புடிக்கலைன்னு நெனச்சுட்டிருந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குப் பயம் போகல. இன்னிக்கு ராத்திரி ரெண்டு வீட்டுக்காரங்க என் வீட்டுத் திண்ணையில வந்து பேசிட்டிருங்க, அது போதும். நோட்டீஸப் பொறவு எழுதிக்கலாம்."

சென்னியப்பன் விழித்தார். "ரெண்டாம் வீதியிலயே ஆஃப் பண்ணீட்டீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப மூணாம் வீதியிலிருந்து?"

அவர் மெல்லத் திரும்பித் தங்கையைப் பார்த்தார். வளர்மதி தட்டைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். தோள் குலுங்கியது. பட்டுச்சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சிரிப்பும் அழுகையும் அவள் முகத்தில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

"ஏம்மிணி, உனக்கு ஞாபகம் வந்துருச்சா?"

"வந்துருச்சுங்கண்ணா."

"அப்பறம் ஏன் கேட்டுட்டே வந்தே?"

பொன்மணி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். வளர்மதி தட்டை நீட்டப் போனவள், சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அண்ணா," என்றாள், "நான் எதுக்கோசரம் வந்தேன்?"

சென்னியப்பன் வாசற்படியில் ஏறி நின்று மீசையை ஒதுக்கிவிட்டு, ஐந்து வீதிக்கும் கேட்கிறபடி சொன்னார்.